இருபத்தேழாம் ஜாடி

நவம்பர் முதல் ஏப்ரல் வரை
ராய்ஸ் உப்பு கொட்டுகிறான்.
மே முதல் அக்டோபர் வரை
அது போய்ச் சேர்ந்த இடத்தில்
நான் குனிந்து நிற்கிறேன்,
தொடைவரை பூட்ஸ், கையில் வலை, காதில் கொசு.
பெல்கி வீட்டில் ஒருவர் நோய், ஒருவர் மருந்து
என்று பெட்ரோல் பங்கில் சிரிக்கிறார்கள்.
எது யார் என்று சொல்வதில்லை.

ஹாரோ ஓடை மலைச்சாலையை விட்டு விலகாது.
சாலை வளைந்தால் வளையும்,
சாலை இறங்கினால் இறங்கும்,
பனி உருகும் ஒரே வாரத்தில்
குளிர்காலம் முழுவதையும் குடித்துவிடும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றால்
இந்த ஓடை நினைக்கிறது,
ஜூலையில், வெயிலில், ஆளில்லாத சாலையோரம்
இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறது.

கல்லைப் புரட்டினால்
ஒருநாள் பூச்சியின் குஞ்சுகள்.
மூன்று வால், விலாவில் துடிக்கும் செவுள்கள்,
அரிசியில் பாதி நீளம்.
ஒருநாள் என்பது சிறகு வந்த பிறகான கணக்கு.
அதற்கு முன் வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில்
பாசி மேய்ந்து, சட்டை உரித்து,
மேய்ந்து, மறுபடி உரித்து.

நிலையத்தில் முப்பத்திரண்டு ஜாடிகள்.
ஒரே முட்டைக் கூட்டம், ஒரே பாசி, ஒரே விளக்கு.
உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.
கடைசி வரிசை நான்கு நாளில் முடிந்தது.
அது சுலபம், ஒரு பூஜ்யம் போட்டால் போதும்.

கஷ்டம் நடு வரிசைதான்.
சாகவில்லை.
வளரவும் இல்லை.
உள்ளே வருகிற உப்பை
இரவும் பகலும் வெளியே தள்ளுவதே
செவுளுக்கு வேலை.
தின்ற பாசியெல்லாம் அந்தக் கூலிக்கே போனால்
கண் பெருக்க, கால் நீள,
முதுகில் சிறகுறை கறுக்க
எதை எடுப்பது?
வட்டி கட்டியே தீரும் சம்பளம்.
நான் தினமும் அளந்தேன்:
நேற்று போலவே, நேற்று போலவே, நேற்று போலவே.

முதல் வரிசை இருபத்தெட்டாம் நாள்
ஒரே மாலையில் எழுந்தது.
மூடியின் வலை முழுக்கச் சிறகு.
வாய் கிடையாது அவற்றுக்கு.
பசியாற நேரம் ஒதுக்கவே இல்லை.
அன்றே ஓடையின் மேலும் கூட்டம்
புகை மாதிரி ஏறி இறங்கியது.

வீட்டில் சொன்னேன்.
ராய்ஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டான்.
எங்கள் கிணறும் கரிக்கிறது,
சூப்புக்கு உப்புப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது.
"எவ்வளவு தாமதம்?" என்றான்.
இன்னும் தெரியாது என்றேன்.
கரண்டியை வைத்தான்.
"ட்ராம்ப்ளி வளைவில் நான் இரண்டு மணி நேரம்தான் தாமதம்,
ஆர்லீன்."
அந்தப் பெண்ணின் கார்
மரத்தோடு ஒட்டி நின்றதைப் பார்த்தவன் அவன்.
அதன்பின் அந்த வளைவுக்கு அவன் அளவு வைப்பதில்லை.
நான் ரொட்டியை எடுத்து நீட்டினேன்.

நாற்பத்தேழாம் நாள்.
இருபத்தேழாம் ஜாடியில் மிச்சமிருந்த ஒன்று
குச்சியில் ஏறியது.
முதுகு பிளந்தது.
மங்கலான சிறகு, சகோதரிகளைவிடக் கொஞ்சம் சின்னது,
வயிற்றில் முட்டை குறைவு.
பத்தொன்பது நாள் பிந்தி வந்திருக்கிறாள்.
வெளியே அவள் இனம்
ஒன்றுகூட இல்லை. நான் போய்ப் பார்த்துவிட்டேதான் வந்தேன்.

நெறிப்படி ஆல்கஹாலில் போடவேண்டும்.
நோட்டில் எழுதினேன்: 27. பெண். ஒன்று.
பிறகு ஜாடியோடு வாசலுக்கு வந்து
மூடியைத் திறந்தேன்.

அவள் அதிக தூரம் போகவில்லை.
என்னை அழைத்துப்போக வந்து நின்ற வண்டியின்
முன்கண்ணாடியில் உட்கார்ந்தாள்.
தூறல் ஆரம்பித்திருந்தது.
"ஏதோ ஒட்டியிருக்கு" என்றான் ராய்ஸ்.
ஆமாம் என்றேன்.
வைப்பர் குமிழில் அவன் கை இருந்தது.
திருகவில்லை.
கண்ணாடி முழுதும் நீர் படர்ந்து
சாலை மறையும்வரை
எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.